திருடன் நாற்காலி

தேர்தல் விதிக்குழுவின் தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் சக உறுப்பினர்களே, முன்வரிசையில் அழுது ஓய்ந்து அமர்ந்திருக்கும் அண்ணியாரே, வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் வாக்குச்சாவடி அலுவலர்களே, அனைவருக்கும் வணக்கம். மறைந்த அண்ணனைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் எனக்கு இன்று அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வருகிறது.

சட்டத்தைக் கரைத்துக் குடித்த வழக்கறிஞரான அண்ணனை நாம் என்ன பெயர் சொல்லி அழைத்தோம்? திருடர். வெளியாட்களுக்கு அது விளங்காது. தேர்தலுக்கு விதி எழுதுவது நம் குழுவின் வேலை. எந்த விதியையும் நிறைவேற்றும் முன் கூட்ட அறையிலேயே ஒரு வாக்குச்சாவடி அமைப்போம். சன்னலோர நாற்காலியில் ஒருவர் திருடனாக உட்கார்ந்து, அந்த விதியை ஏமாற்றப் பார்ப்பார். ஏமாற்ற முடிந்தால் விதி குப்பைக்கூடைக்குப் போகும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அண்ணன். அந்த நாற்காலிக்கு முந்திக்கொண்டு போனவரும் அவரே.

விரலில் வைக்கும் மையை மாற்றியபோது என்ன நடந்தது? மை வைத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். பளிச்சென்ற விரலோடு திரும்பிவந்து, எங்கள் கண்ணெதிரே இரண்டாவது ஓட்டும் போட்டார். மை விற்க வந்தவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. இன்னொரு நாள், இறந்துபோன மாமியார் பெயரில் தபால் ஓட்டுப் போட்டுக் காட்டினார். அன்று வீட்டில் அதைச் சொன்னதும் அண்ணி கேட்டாராம்: "எங்கம்மா யாருக்குப் போட்டாங்கன்னு உங்ககிட்டயாவது சொன்னாங்களா? என்கிட்ட கடைசிவரைக்கும் சொல்லவே இல்ல." வாக்காளர் பட்டியலிலிருந்து இறந்தவர்களை உடனுக்குடன் நீக்கும் விதி அப்படிப் பிறந்ததுதான்.

இப்படிப்பட்டவர் மருத்துவமனையில் கிடந்தபோது நாம் என்ன செய்தோம்? வாக்குப்பெட்டி ஏற்றிய வண்டியோடு கட்சிகளின் முகவர்கள் போக வேண்டியதில்லை என்று ஒரு விதியைக் கொண்டுவந்தோம். திருடன் நாற்காலியில் யார் உட்காருவது என்று நான் கேட்டேன். "அவர் வந்ததும் பார்த்துக்கலாம் மேடம். நம்பிக்கைன்னு ஒண்ணு வேணுமில்ல?" என்றார் தலைவர். கைகள் உயர்ந்தன. முதல் வாக்கெடுப்பில் விதி தேறியது. நாளை காலை இறுதி வாக்கெடுப்பு.

அன்று மாலையே அண்ணனிடம் போய்ச் சொன்னேன். ஆக்சிஜன் முகமூடியை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "நம்பிக்கைய அவங்க வீட்ல வச்சுக்கட்டும்மா. பெட்டிக்குப் பக்கத்துல ஆள் வேணும்." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. எனக்கு அவர் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

இன்று அவருக்குப் படம் திறக்கிறீர்கள். கூட்ட அறைக்கு அவர் பெயரையே வைக்கப்போகிறீர்களாம். அந்த அறையிலிருந்து அவருடைய நாற்காலியைத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் போட்டது யார்? இடைஞ்சலாக இருந்ததாம். ஆமாம், இடைஞ்சல்தான். திருட நினைக்கிறவனுக்கு இடைஞ்சலாக இருக்கத்தானே அந்த நாற்காலி? அதற்குத்தானே இந்தக் குழு? தோற்றவன் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்க வேண்டும், எண்ணியது சரியாகத்தான் எண்ணினார்கள் என்று. அந்த நிம்மதியைக் கொடுக்க முடியாவிட்டால் நமக்கு எதற்கு மேசையும் காரும்?

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் சொன்னீர்கள். நான் இங்கேயே தொடங்கிவிடுகிறேன். இருட்டுகிற நேரம். பெட்டிகளோடு வண்டி கிளம்புகிறது. உள்ளே ஓட்டுநரும் ஒரு காவலரும் மட்டும். வழியில் டீ குடிக்க இறங்குகிறார்கள். வண்டிக்குள் நான் ஏறுகிறேன். என்னைப் பார்ப்பவர் யார்? தலைவர் அவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்.

பதில் இப்போது வேண்டாம், நாளை சொல்லுங்கள். இங்கே வரும் முன் மாடிப்படிக்கு அடியிலிருந்து அந்த நாற்காலியை எடுத்துத் துடைத்து, சன்னலோரத்தில் போட்டுவிட்டுத்தான் வந்தேன். நாளை காலை நான் திருடி.