பஞ்சு பேலில் வைத்த கை

ஓடுகிறோம். காலை ஒன்பது இருபது. மில் கேட்டில் ஒரு குண்டு. கேண்டீன் மேல் அடுத்தது. முதலில் விசில் சத்தம். பிறகு இடி.

"குடோனுக்கு ஓடுங்க! குடோனுக்கு!" கத்துவது காஜா. அவன் ஸ்ரீவில்லிபுத்தூர். நான் ராஜபாளையம். இருவரும் ஸ்பின்னிங் மில் ஃபிட்டர்கள். பிழைக்கப் போன நாட்டில் சண்டை மூண்டது. எங்களுக்கு எந்தப் பக்கமும் கிடையாது.

குடோனில் பத்தொன்பது பேர். ஐந்தாறு நாட்டுக்காரர்கள். பஞ்சு பேல்களைச் சுவராக அடுக்கினோம். இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதி தோட்டாவைத் தாங்கும். ஆனால் ஒரு பொறி உள்ளே போனால் போதும். வெளியே தெரியாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அதனால் காவலுக்கு முறை போட்டோம். முறைக்காரன் பேல் பேலாகக் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் எல்லோரையும் எழுப்பி, கடப்பாரையால் நெம்பி வெளியே தள்ள வேண்டும்.

மனுசனுக்கு மனுசன்தான் துணை, சாமி இல்லை என்று ஊர் டீக்கடையில் வாய் கிழியப் பேசியவன் நான். அங்கேதான் அதைக் கண்ணால் பார்த்தேன். பெயர் தெரியாதவன் என் தூக்கத்துக்குக் காவல் இருந்தான். அவன் தூக்கத்துக்கு நான் இருந்தேன். அப்படி ஒரு சொந்தம் எனக்கு ஊரில்கூட வாய்த்ததில்லை.

சாமி கும்பிடாதவன் நான் ஒருவன். அதனால் அவர்கள் தொழும் நேரமெல்லாம் என் முறை. காஜா கேலி செய்வான்.

"மாமா, நீங்க எப்படியும் நரகத்துக்குப் போற ஆளு. செத்த நேரம் எங்களுக்குக் காவல் இருங்க."

இருந்தேன். நான்கு நாளில் மூன்று பேல்களை வெளியே தள்ளினோம்.

ஐந்தாம் நாள். வெள்ளிக்கிழமை. பகல் ஒன்று பத்து. பாதிப் பேர் தொழுகையில். இரவுக் காவல் இருந்த மீதிப் பேர் தூக்கத்தில். காவல் நான். விசில். இடி. கூரைத் தகடு பெயர்ந்து விழுகிறது. மறுபடி விசில். பேலிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கும்பிட்டேன். ஆண்டாள், அல்லா, ஏசு, ஒருவரையும் விடவில்லை. பயந்துவிட்டேன். அவ்வளவுதான். கால் மணி நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

திறந்தபோது பின்வரிசையில் புகை.

"தீ! வெளிய வாங்க! வெளிய!" கத்தியது நான். கதவுப் பக்கம் ஓடியதும் நான். காஜா கடப்பாரையோடு பின்வரிசைக்குப் போனான். அவன் நெம்பியதும் கனன்ற பேலில் காற்றுப் பட்டது. குப்பென்று பிடித்தது. என் முறையில் நான் தள்ளியிருக்க வேண்டிய பேல்.

ஊர் வந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். காஜாவின் மனைவியிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கும்பிட்டப்ப எங்க வீட்டுக்காரர் உசுரையும் கேட்டீங்களாண்ணே?"

இல்லை. என் உயிரை மட்டும்தான் கேட்டிருந்தேன். அதையும் சொன்னேன். தண்ணீர் கொடுத்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் காத்திருந்தேன். வரவில்லை.

இப்போது டீக்கடையில் நான் எதுவும் பேசுவதில்லை. துணை மனுசன்தான். அதில் சந்தேகம் வரவில்லை. அன்றைக்கு அந்த மனுசன் நானாக இருந்தேன் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

குடோனுக்குள் போனவர்கள் பத்தொன்பது. வெளியே வந்தவர்கள் பதினொன்று. இறந்தவர்கள் காஜாவோடு எட்டு. அதில் மூன்று பேரின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. நான் தூங்கியபோது பேலில் கை வைத்திருந்தவர்கள் அந்த மூன்று பேர்.