காதில்லாத முந்நூற்று எண்பத்தெட்டு மாடுகள்

மாவட்டக் குற்றப்பிரிவு மனு விசாரணையில் எதிர்மனுதாரர் முனிலட்சுமி வாய்மொழியாகச் சொல்ல, தலைமைக் காவலர் வெங்கடப்பன் எழுதிக்கொண்டது.

என் பெயர் முனிலட்சுமி, வயது 36, கணவர் பெயர் திருமலை. ஓசூர் தளி ரோட்டில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். பிறந்த ஊர் குந்தாரப்பள்ளி. ஆல்டர்மியர் இன்சூரன்ஸ் என்ற பன்னாட்டு நிறுவனத்தின் ஓசூர் கிளெய்ம் மையத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தற்போது முதுநிலை அலுவலர். கடந்த நாற்பது நாட்களாகப் பணியிடை நீக்கத்தில் இருக்கிறேன்.

மேற்படி நிறுவனத்தின் தலைமையகம் ஐரோப்பாவில் உள்ளது. நான் சேர்ந்தபோது ஏழு நாடுகளில் வியாபாரம் இருந்தது, இன்று இருபத்து மூன்று நாடுகளில் இருக்கிறது. எந்த நாட்டில் கார் மோதினாலும், கிடங்கு எரிந்தாலும், மாடு செத்தாலும் கோப்பு ஓசூருக்குத்தான் வரும், பணம் கொடுக்கலாமா கூடாதா என்று நாங்கள் முந்நூறு பேர் உட்கார்ந்து பார்த்துச் சொல்வோம். இது வழக்குக்குத் தேவையா என்று ஏட்டய்யா கேட்டார். தேவை என்று சொல்லி எழுத வைத்தேன்.

சென்ற ஆண்டு ஏப்ரலில் தான்சானியா நாட்டில் பெருவெள்ளம் வந்து, எங்களிடம் காப்பீடு செய்திருந்த மாடுகள் நிறைய செத்துப்போயின. காப்பீடு செய்யும்போது மாட்டின் காதில் எண் போட்ட டேக் ஒன்றைக் குத்தி, முகத்தையும் உடம்பையும் போட்டோ எடுப்பார்கள். மாடு செத்தால் அந்த டேக்கோடு போட்டோ அனுப்ப வேண்டும், டேக் இல்லை என்றால் பணம் இல்லை. வெள்ளத்தில் செத்துக் கரை ஒதுங்கிய மாடுகளைக் கழுதைப்புலி முதலில் காதில்தான் கடித்திருந்தது. டேக் இல்லாமல் 431 கோப்புகள் வந்தன, எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் தானாகவே நிராகரித்து, கடைசிப் பட்டனை மட்டும் அழுத்தச் சொல்லி என் மேசைக்கு அனுப்பியது.

முதல் கோப்பு நெய்மா என்ற பெண்ணுடையது. அவருக்கு இருந்ததே ஒரு மாடு. செத்த மாட்டின் நெற்றியில் இருந்த சேற்றை அந்தம்மா தன் துணியாலேயே துடைத்துவிட்டு, முகம் தெரியும்படி தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்க வைத்திருந்தார். நெற்றியில் மேலும் கீழுமாக இரண்டு சுழி. காப்பீடு செய்தபோது எடுத்த பழைய போட்டோவைத் திறந்து பார்த்தேன், அதே இடத்தில் அதே இரண்டு சுழி. மாடு அதுதான் என்று கண் முன்னால் தெரிகிறது, இல்லை என்று பட்டனை அழுத்தச் சொல்கிறார்கள். நான் அழுத்தவில்லை.

சுழி என்றால் என்ன என்று இந்த மனுவை விசாரிக்கும் ஆய்வாளர் மேடம் கேட்டதால் சொல்கிறேன். மாட்டின் மேல் முடி சுழன்று விழுகிற இடம்தான் சுழி. நெற்றி, திமில், முதுகு என்று எங்கு வேண்டுமானாலும் இருக்கும், ஒரு மாட்டுக்கு இருப்பதுபோல இன்னொரு மாட்டுக்கு அச்சாக இருக்காது. செத்தாலும் மாறாது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மாட்டு வியாபாரம். குந்தாரப்பள்ளிச் சந்தையில் சுழி பார்க்காமல் யாரும் கயிற்றைக் கை மாற்ற மாட்டார்கள். கெட்ட சுழி இருந்தால் விலை பாதியாகிவிடும் என்பதால் அந்த இடத்து முடியைச் சிரைத்தும் தீய்த்தும் ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களைப் பிடிப்பதில் பேர் போனவள் என் அக்கா செல்வம்மாள், வயது 44, இன்றைக்கும் மேற்படி சந்தையில் மாடு வாங்கி விற்கிறாள்.

எங்கள் விண்ணப்பப் படிவத்தில் டேக் எண்ணுக்குக் கீழே ‘பிற அடையாளங்கள்’ என்று ஒரு கட்டம் உண்டு. ஒன்பது ஆண்டில் அதை யாரும் நிரப்பி நான் பார்த்ததில்லை. நிரப்பக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. அதன்பிறகு நான் 431 கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பழைய போட்டோவையும் புதிய போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சுழி எங்கே, எத்தனை, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அந்தக் கட்டத்தில் எழுதினேன். சேறு படிந்து சரியாகத் தெரியாத 62 மாடுகளின் படங்களை மட்டும் அச்செடுத்து, சந்தை நாளன்று குந்தாரப்பள்ளிக்குக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன். படங்களில் உரிமையாளர் பெயரோ எண்ணோ இல்லை, மாட்டு முகம் மட்டும்தான். அக்கா ஒரு எருமைக்கு விலை பேசிக்கொண்டே பார்த்தாள்.

“ஏண்டி லச்சுமி, இவ்ளோ படிச்சவங்க இருக்கிற ஆபீசுல ஒருத்தருக்குக்கூடவா மாடு பாக்கத் தெரியல?” என்று கேட்டாள். அதன்பிறகு, “இது அதேதான், போடு. இது வேற மாடு, எவனோ ஏமாத்தறான், போடாத” என்று 62-ஐயும் பிரித்துக் கொடுத்தாள். அன்று அக்கா என்னிடம் வாங்கியது ஒரு டீயும் இரண்டு போண்டாவும். இதைத்தான் புகாரில் ‘வெளியாள் மூலம் ஆதாயம்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

மொத்தத்தில் 388 கோப்புகளை ஏற்றேன். 43 கோப்புகளில் சுழி பொருந்தாததால் நிராகரித்தேன். காரணத்தை ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறேன். வெள்ளம் வடிந்த பதினோராம் நாள் எல்லோருக்கும் பணம் போய்ச் சேர்ந்தது.

அதன்பிறகு நடந்தது எனக்கே பின்னால்தான் தெரியும். அந்த நாட்டில் மற்ற கம்பெனிகள் பணம் கொடுக்காமல் இழுத்தடித்தபோது, காதில்லாத மாட்டுக்கும் காசு கொடுக்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது என்று சந்தைக்குச் சந்தை பேச்சுப் பரவிவிட்டது. சந்தைப் பேச்சுக்கு விளம்பரம் ஈடாகுமா? வெள்ளத்துக்கு முன் அங்கே எங்களிடம் காப்பீடு செய்திருந்தவர்கள் ஒன்பதாயிரம் பேர், அடுத்த பத்து மாதத்தில் ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம் பேர். பக்கத்து நாடுகள் இரண்டிலிருந்து கூட்டுறவுச் சங்கங்கள் தாங்களாகவே வந்து கேட்டு, அங்கேயும் கிளை திறந்தார்கள்.

இந்த ஆண்டு முடிவுகளை ஓசூரில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் பெரிய திரை கட்டிக் காட்டினார்கள். தலைவர் ஐரோப்பாவிலிருந்து திரையில் பேசினார். உலக அளவில் வருமானம் பதினெட்டு சதவீதம் உயர்ந்திருக்கிறது, கம்பெனி தொடங்கியதிலிருந்து இதுதான் சிறந்த ஆண்டு, இருபத்து மூன்று நாடுகளில் முதலிடம் தான்சானியாவுக்கு, காரணம் நாம் பதினோரு நாளில் பணம் கொடுத்தது என்று சொன்னார். மண்டபமே எழுந்து கைதட்டியது. நானும் எழுந்து கைதட்டினேன், என் கண்ணில் தண்ணீர் வந்தது, பக்கத்தில் இருந்த, என்னோடு வேலை செய்யும் ஃபெபா டிஷ்யூ கொடுத்தாள். பிறகு பிரியாணி போட்டார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எனக்குப் பணியிடை நீக்க ஆணை கொடுத்தார்கள். கொடுத்தவர் எங்கள் கண்காணிப்புப் பிரிவு மேலாளர் ராஜேஷ்குமார். தினமும் பெங்களூரிலிருந்து காரில் வருபவர், மாட்டைப் பால் பாக்கெட்டின் மேல் மட்டும் பார்த்தவர். இந்த வரி வேண்டாம் என்று ஏட்டய்யா சொன்னார், இருக்கட்டும் என்று நான் சொன்னேன். டேக் விதியைக் கொண்டுவந்தவர் அவர்தான், மோசடியே இல்லாமல் செய்ததற்காகப் போன வருடம் கேடயமும் வாங்கியவர். ஆண்டு முடிவுக்காகத் தான்சானியாக் கணக்கைத் தணிக்கை செய்தபோது, டேக் இல்லாமல் 388 கோப்புகள் ஏற்கப்பட்டதைக் கண்டுபிடித்து, லஞ்சம் வாங்காமல் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள், கம்பெனி ரகசியத்தையும் வெளியே கொடுத்திருக்கிறார் என்று காவல் துறையில் புகார் கொடுத்தார்.

“சுழின்னு ரிப்போர்ட்ல எழுதி வெச்சிருக்கீங்களே முனிலட்சுமி, இதென்ன ஜோசியமா?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். சுற்றி நின்றவர்கள் அவரவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முந்தின நாள் என்னோடு பிரியாணி சாப்பிட்டவர்கள்.

இந்த நாற்பது நாள் நான் பட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோசடி என்று ஒரு முறை முத்திரை விழுந்தால் இன்சூரன்ஸ் துறையில் எங்கேயும் வேலை கிடைக்காது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. என் வங்கிக் கணக்கைப் பரிசோதித்தார்கள், சம்பளத்தையும் சமையல் கேஸ் மானியத்தையும் தவிர ஒன்றும் இல்லை. அக்காவையும் விசாரணைக்கு அழைத்தார்கள். கம்பெனி ரகசியத்தைப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, “மாட்டு மூஞ்சி ரகசியமாங்க? சந்தையில மாடெல்லாம் முக்காடு போட்டுக்கினா நிக்குது?” என்று அவள் சொன்னதாக அவளுடைய வாக்குமூலத்தில் உள்ளது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னாலதான் உனக்கு இந்தக் கஷ்டமாடி?” என்று அழுதாள். அக்கா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அதன்பிறகு ஆய்வாளர் மேடம், சுழியை வைத்து மாட்டை அடையாளம் சொல்ல முடியும் என்றால் செய்து காட்டுங்கள் என்று சொல்லி, இன்று காலை எங்கள் அலுவலகத்திலேயே சோதனை வைத்தார். படங்களை ராஜேஷ்குமார் சாரே தேர்ந்தெடுத்தார். டேக் சரியாக இருந்து பணம் கொடுக்கப்பட்ட, ஒரு குறையும் இல்லாத நாற்பது கோப்புகள் என்று அவரே சொன்னார். உயிரோடு இருந்தபோது ஒரு படம், செத்தபோது ஒரு படம், ஆக எண்பது படங்கள். டேக்கின் மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கலைத்துப் போட்டார்கள். தலைமையகத்திலிருந்து கிளெய்ம் துறைத் தலைவி இங்க்ரிட் மேடம் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொடக்கூடாது, அக்கா மட்டும் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு.

அக்கா மேசை வேண்டாம் என்று சொல்லி, ஏசி அறையில் தரையில் கார்பெட் மேல் உட்கார்ந்து படங்களைப் பரப்பிக்கொண்டாள். ஐம்பது நிமிடத்தில் 37 ஜோடிகளைச் சேர்த்து வைத்தாள். ஸ்டிக்கரைப் பிரித்துப் பார்த்தால் முப்பத்தேழும் சரி. மீதி இருந்தவை ஆறு படங்கள். அவற்றை ஜோடி சேர்க்காமல் மொத்தமாக ஒரே அடுக்காக வைத்துவிட்டு எழுந்தாள்.

மீதி மூன்று மாட்டுக்கு ஜோடி எங்கே என்று ராஜேஷ்குமார் சார் கேட்டார்.

“மூணு மாடு ஏதுங்க? இது ஒரே மாடு” என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். ஆறு படங்களின் ஸ்டிக்கரையும் பிரித்துக் காட்டி, மூன்று டேக், மூன்று உரிமையாளர், மூன்று பேருக்கும் பணம் கொடுத்தாகிவிட்டது, பார்த்தீர்களா மேடம் இவர்கள் லட்சணத்தை என்று ஆய்வாளரைப் பார்த்துச் சொன்னார். அக்கா அசையவில்லை. “டேக் மூணு இருந்தா மாடு மூணாயிடுமா சார்? நெத்தியில ஒத்தச் சுழி, திமிலுக்குப் பின்னால ஒண்ணு, அது எதிர்ப்பக்கம் சுத்துது. ஆறு போட்டோலயும் பாருங்க. காதுல குத்தினதைக் கழட்டி மாட்டலாம், நெத்தியில இருக்கிறதைக் கழட்ட முடியுமா?” என்றாள்.

இங்க்ரிட் மேடம் படங்களைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். இடது கொம்பின் நுனி உடைந்திருந்தது, ஆறு படத்திலும். அதன்பிறகு தான்சானியா அலுவலகத்தைக் கூப்பிட்டு, மூன்று உரிமையாளருக்கும் பணம் எந்தக் கைப்பேசி எண்ணுக்குப் போனது என்று கேட்டார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. மூன்றுக்கும் ஒரே எண். ஒரே மாட்டை மூன்று முறை சாகடித்து மூன்று முறை பணம் வாங்கியிருக்கிறான் ஒரு புண்ணியவான், டேக் சரியாக இருந்ததால் கம்ப்யூட்டர் கும்பிட்டுக் கொடுத்திருக்கிறது. ராஜேஷ்குமார் சார் தண்ணீர் கேட்டார். ஃபெபாதான் கொண்டுவந்து கொடுத்தாள், கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எனக்கு அந்தக் கார்பெட்டிலேயே குதிக்க வேண்டும்போல இருந்தது, ஆய்வாளர் மேடம் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

இங்க்ரிட் மேடம் என் 388 கோப்புகளும் சரி என்று அங்கேயே சொன்னார். இனி எல்லா நாடுகளிலும் மாட்டுக் கோப்புகளில் ‘பிற அடையாளங்கள்’ கட்டத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும், அதை எப்படி நிரப்புவது என்று நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். டேக்கை நம்பிப் பணம் கொடுத்த பழைய கோப்புகளை எல்லாம் பார்க்க வர முடியுமா என்று அக்காவைக் கேட்டார். சந்தை நாளில் வர முடியாது, மற்ற நாளில் ஒரு மாட்டுக்கு இவ்வளவு என்று தரகு பேசினால் வருகிறேன் என்று அக்கா சொன்னாள், அதை நான் இங்கிலீஷில் சொன்னேன். அவர் சரி என்றார்.

மாலையில் ராஜேஷ்குமார் சார் இந்தக் குற்றப்பிரிவு அலுவலகத்துக்கு வந்து, புகாரை வாபஸ் பெறுவதாகக் கடிதம் கொடுத்தார். அதை வாங்க வேண்டாம் என்று ஆய்வாளர் மேடத்தைக் கேட்டுக்கொள்கிறேன். வாபஸ் என்றால் பாவம் பார்த்து விட்டுவிட்டார்கள் என்றுதான் ஊர் பேசும். விசாரித்ததில் புகார் உண்மையல்ல என்று எழுதி, சீல் போட்டு முடிக்க வேண்டும். அதன் நகல் எனக்கு ஒன்று, என் அக்காவுக்கு ஒன்று வேண்டும். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழில் வேண்டும்.

முடிக்கும்போது ஏட்டய்யா, “மச்சம், தழும்பு எதுனா இருந்தா சொல்லும்மா, அடையாளம் எழுதணும்” என்று கேட்டார். எனக்கு அப்படி எதுவும் இல்லை என்றேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா உள்ளே எட்டிப் பார்த்து, “ரெட்டைச் சுழின்னு எழுதுங்க சார், பொறந்தப்பவே சொன்னாங்க, இது ஒருத்தருக்கும் அடங்காதுன்னு” என்றாள். ஆய்வாளர் மேடம் சிரித்துவிட்டார். நான் தலையைக் குனிந்து காட்டினேன்.

இதில் எழுதியிருப்பதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். யாரும் மிரட்டவோ தூண்டவோ இல்லை, நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, ஏட்டய்யா வேண்டாம் என்ற வரிகளும் இருக்கின்றன. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) தி. முனிலட்சுமி

டேக்: இல்லை என்று முனிலட்சுமி எழுதச் சொன்னார், நான் எழுதவில்லை.
பிற அடையாளங்கள்: உச்சந்தலையில் இரட்டைச் சுழி. நேரில் பார்த்து எழுதியது, வெங்கடப்பன், தலைமைக் காவலர்.