சங்கரி வீட்டு விருந்துப் பலகை

தலைமையேற்றுத் தழுதழுத்த குரலில் தொடங்கிவைத்த தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்கெல்லாம் துணி தைத்துத் தரும், புதுப்பட்டினத்திலிருந்து மழையையும் மதியாமல் வந்திருக்கும் ஃபக்ருன்னிசா அக்கா அவர்களே! கடைசி வரிசையில், எப்போது நழுவலாம் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் என் அருமை நண்பர் லட்சுமணன் அவர்களே! ஏசுதாஸின் கண்ணீர் கலந்த வணக்கம்.

லட்சுமணனின் துணைவி, நம் குடியிருப்பின் சங்கரி, மறைந்து ஓராண்டு ஆகிறது. அழுது முடித்துவிட்டோமா? இல்லை. ஆறிப்போய்விட்டதா? அதுவும் இல்லை.

தொண்ணூற்றாறில் லட்சுமணன் அலுவலக வேலையாகப் பிரான்ஸ் போய் வந்தார். "அங்க விருந்தாளி வந்தா மரப்பலகைல பதப்படுத்தின கறி, சீஸ், பழம்னு அடுக்கி வெக்கிறாங்க சங்கரி" என்றார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாரா அந்த அம்மையார்? அலமாரிக் கதவைக் கழற்றி, இழைக்கக் கொடுத்துப் பலகையாக்கிவிட்டார்! அந்த ஊர்க் கறிக்கு எங்கே போவது? உப்புக்கண்டத்தை வறுத்தார். நெத்திலிக் கருவாட்டை மொறுமொறுவென்று பொரித்தார். நடுவில் டப்பா சீஸைத் துண்டுபோட்டு மிளகு தூவினார். சுற்றிலும் பருவத்துக்கு ஏற்றது: கோடையில் நுங்கு, ஆடியில் நாவல், மழையில் அவித்த வேர்க்கடலை, தையில் பனங்கிழங்கு! என்ன, சிரிக்கிறீர்களா? கருவாட்டுக்குப் பக்கத்தில் சீஸா என்று நானும்தான் சிரித்தேன். தின்ற பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

முதல் விருந்தாளி ஃபக்ருன்னிசா அக்கா. அவர் சாப்பிட வேண்டும் என்பதற்காகவே ஹலால் கடையில் கறி வாங்கி, உப்பிட்டு, உலர்த்தி, வறுத்து, பலகையை அவர் முன்னால் வைத்தார் சங்கரி. நிறைந்த பலகையைப் பார்த்து அக்கா என்ன நினைத்தார்? சீர் என்று நினைத்துவிட்டார்! "இம்மாம் சீரு எதுக்கு சங்கரி? எனுக்கு இன்னா விசேஷம் கீது?" என்று கண்கலங்கி, பலகையோடு தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டார்! சங்கரி தடுத்தாரா? இது இங்கே உட்கார்ந்து தின்பதற்கு என்று சொன்னாரா? வாசல்வரை வந்து கையசைத்தார். தலையைக் குனியாதீர்கள் அக்கா, அந்தத் தவறுக்கு நாங்கள் அத்தனைபேரும் கடன்பட்டவர்கள்!

ஏன் என்கிறீர்களா? வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புகிற பழக்கம் நமக்கு உண்டா? அக்கா பேரீச்சையும் கொய்யாவும் சமோசாவும் அடுக்கித் திருப்பினார். சங்கரி மீண்டும் நிரப்பி அடுத்த வீட்டுக்கு அனுப்பினார். அந்த வீடு எதிர்வீட்டுக்கு அனுப்பியது. வணக்கம்கூடச் சொல்லாமல் வாழ்ந்த வரிசை வீடுகள், வாங்க வாங்க என்று வாய் நிறைய அழைக்கத் தொடங்கின!

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தார் சங்கரி. எழுந்திருக்கவில்லை. அப்போது பலகை அக்காவின் வீட்டில் இருந்தது. துக்க நாட்கள் கழிந்ததும் அதை நிரப்பி எடுத்துப் போனார் அக்கா. கதவு திறக்கவில்லை. "நீங்களே வெச்சிக்கங்க" என்று உள்ளேயிருந்து லட்சுமணனின் குரல் மட்டும் வந்தது. மறுபடி போனார். மறுபடியும் அதே குரல்தான். அன்று முதல் இன்றுவரை விருந்தாளி என்று ஒருவர் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஆளில்லாத வீட்டில் ஒற்றை ஆளாக, நின்றுகொண்டே தின்கிறாராம் என் நண்பர். எனக்கு நெஞ்சு வலிக்கிறது ஐயா!

லட்சுமணா! மேடை மரியாதையை மறந்து கேட்கிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பலகையோடு அக்காவும் நானும் வருகிறோம். கதவைத் திறப்பாயா? நண்பனுக்காகத் திறப்பாயா? அவள் பேருக்காகத் திறப்பாயா?

பொறுங்கள், எழுந்து ஏதோ சொல்கிறார். அமைதி! சத்தமாகச் சொல்லப்பா.

"வாங்க... ஆனா எதை எங்க வெக்கணும்னு அவளுக்குத்தானே தெரியும்."

கேட்டீர்களா? அக்கா, நீங்களே பதில் சொல்லுங்கள். இந்தாருங்கள் மைக்.

"தெரியலன்னா இன்னா தம்பி? தப்பா வெய்யி. நாங்க குந்திகினு துன்றோம்."

இதற்குமேல் நான் பேச என்ன இருக்கிறது? என் நாவும் ஓய்ந்தது. கேட்ட செவிகளுக்கு நன்றி, கலங்கிய கண்களுக்கு நன்றி, நாளை கதவு திறக்கும் கைகளுக்கு என் வணக்கம்!