தூணில் சிரித்தவள்

"சாமி கும்பிட வந்த இடத்துல அந்தப் பொம்பளை கன்னத்தை எதுக்குய்யா அவ்ளோ நேரம் தடவிக்கிட்டு இருந்தே?"

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் தன் கணவரிடம் கேட்டார். கணவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மடியில் மடக்கிய வெள்ளைக் கோல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே உப்பளங்கள் கண்கூச வெளுத்துக் கிடந்தன.

"தூணுல இருக்கிற சிலைதானே? சோழர் காலத்துதுன்னு ஐயர் சொன்னாரு. கொண்டையைச் சரிச்சுக்கிட்டு, இடுப்பை வளைச்சு ஆடுது. கால்லேர்ந்து தடவிக்கிட்டே போனேன். கன்னத்துக்கு வந்ததும், சிரிக்குதுன்னு தெரிஞ்சுது."

"கல்லுல அது எப்படித் தெரியும்?"

"கன்னம் மேல ஏறியிருக்குது. நீ சிரிச்சா உனக்கும் அப்படித்தான் ஏறும்." கொஞ்சம் தயங்கினார். "கண்ணு போனதுலேர்ந்து உன் முகம் மறந்துக்கிட்டே வருது. சொல்ல பயமா இருந்துது. அங்க நின்னப்போ ஞாபகம் வந்துடுச்சு."

"நான் பக்கத்துலதானே நின்னேன். என்னைத் தொட்டுப் பாத்திருக்கலாமே."

"நீதான் இப்பல்லாம் சிரிக்கிறதே இல்லையே."

அந்த அம்மா கணவரின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"இப்போ பாரு," என்றார்.