பேனாக் கோட்டுக்கும் கம்ப்யூட்டர் கோட்டுக்கும் நடுவே ஓவியர் ஆண்டிச்சாமி

அருப்புக்கோட்டை செண்பகா ஆப்செட் அச்சகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் ஓவியராகப் பணியாற்றி, 1999 சித்திரையில் ஓய்வு பெறும் திரு. ஆண்டிச்சாமி அவர்களுக்கு, உடன் உழைத்தவர்கள் உவந்து வாசித்தளிப்பது.

கறுப்பு மையால் எங்கள் அச்சகத்துக்குக் களை தந்த கலைஞரே!

பந்தல்குடி மிளகாய் மூட்டை முதல் பரளச்சிக் கோயில் நோட்டீஸ் வரை தங்கள் கோடு ஏறாத சரக்கு உண்டா? நிப்பை அழுத்தினால் புருவம், தூக்கினால் இமைமுடி! பங்குனி வெயிலில் நிப்பு நுனியில் மை காயும்; ஃபேன் போட்டால் தாள் பறக்கும். மணிக்கட்டில் கைக்குட்டை சுற்றி, வியர்வை ஒரு சொட்டும் படத்தில் விழாமல் காத்தீர்களே!

நிதானத்தின் நிறைகுடமே!

தாங்கள் வெளியே சொல்லாத ஒன்றை இன்று சபையோருக்குச் சொல்கிறோம்.

தொண்ணூற்றேழில் முதலாளியம்மா சங்கரம்மாள் ஒரு கம்ப்யூட்டரைத் தவணையில் வாங்கி இறக்கினார். அதை வேண்டுமென்று கேட்டவர் எங்களோடு வேலை பார்த்த இளைஞர் வீரணன். "மொத வேல சரியா வந்தா மிஷினு இருக்கும். வரலன்னா அதுவும் போகும், நீயும் போவ" என்று அவரிடம் சொல்லிவிட்டார் முதலாளியம்மா. மிஷின் நிலைத்தால் பேனாவுக்கு வேலை இராது என்று ஆண்டிச்சாமிக்குத் தெரியும். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

அந்த முதல் வேலை, பாளையம்பட்டிச் சேலை வியாபாரி காசிராஜனின் லேபிள்: கைகூப்பி நிற்கும் ஒரு பெண்.

"பாதி ஆளு வரைஞ்சாப் போதும், அண்ணாச்சி. மீதிய மிஷினே திருப்பிப் போட்டுரும்" என்றார் வீரணன்.

"மீதி நேரம் நீ என்னலே செய்வ, தூங்குவியா?"

மிஷினைக் குறை சொல்லவும் ஆண்டிச்சாமியால் முடியவில்லை. கோடு தப்பினால் பிளேடால் சுரண்டி வெள்ளை பூச வேண்டாம். ஒரு பொத்தானைத் தட்டினால் பழையபடி ஆகிவிடும். சின்ன லேபிளைப் பெரிதாக்கத் திரும்ப வரைய வேண்டாம். ஆனால் கோடு உச்சி முதல் பாதம் வரை ஒரே கனம். அதற்கு மூச்சு இல்லை என்பார்.

கம்ப்யூட்டர் படத்தை அச்சுக்காக எடுத்த பிலிம் சிவகாசியிலிருந்து வந்த அன்று வீரணன் சாப்பிடப் போயிருந்தார். ஆண்டிச்சாமி அதை வெளிச்சத்தில் பிடித்தார். பெண்ணுக்கு இரண்டு தோளிலும் முந்தானை! பாதியைத் திருப்பிப் போட்டதில் சேலையும் சேர்ந்து திரும்பியிருந்தது. பேசாமல் வைத்துவிட்டால் ஐயாயிரம் லேபிளும் அப்படியே ஓடும். மிஷின் வண்டி ஏறும், பேனா பிழைக்கும். பிலிமைக் கீழே வைத்தார். திரும்ப எடுத்தார். பிறகு ஃபேனை அணைத்தார்.

வலது தோளில் கறுப்பைச் சுரண்டி, ரவிக்கைக் கையை வரைந்தார். அழுத்தவில்லை, தூக்கவில்லை. யாரும் கண்டுபிடிக்காதபடி, வாழ்நாளில் முதல் தடவையாக மிஷின் போலவே ஒரே கனத்தில் கோடு போட்டார்.

அச்சான லேபிளைத் திரையில் இருந்த படத்தோடு ஒப்பிட்ட வீரணனுக்கு முகம் வெளுத்தது.

"அண்ணாச்சி, இது…"

"ரெண்டு முந்தானை போட்ட பொம்பளய நான் எங்கயும் பாத்ததில்ல. வீட்டுக்குப் போயி ஒம் பொஞ்சாதி யுவராணியப் பாத்துட்டு வந்து வரைலே!"

வீரணன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே முதலாளியம்மாவிடம் போனார். "சரியா வந்தது என்னால இல்ல. அவுகதான் காப்பாத்துனாக."

"மிஷினு செஞ்ச தப்பா?"

"நான் செஞ்ச தப்பு."

முதலாளியம்மா ஆண்டிச்சாமியையும் கூப்பிட்டு, இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "ஒருத்தன் வேல போயிரும்னு தெரிஞ்சே உண்மையச் சொல்லுறான். ஒருத்தரு வேல போயிரும்னு தெரிஞ்சே தப்பத் திருத்துறாரு. ரெண்டு பேருல யார நான் அனுப்ப? போயி வேலயப் பாருங்க."

அன்று முதல் முகத்துக்குப் பேனா, எழுத்துக்கு மிஷின் என்றானது.

எங்கள் அன்புக்குரிய அண்ணாச்சி!

வீரணன் போன ஐப்பசியில் காய்ச்சலில் காலமானார். இருந்திருந்தால் இம்மடலை அவரே வாசித்திருப்பார், இன்னும் சத்தமாக. தாங்கள் அவரிடம் மட்டும் சொன்னதை அவர் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்; அதைத்தான் அவர் மனைவி எழுதியிருக்கிறார்.

கண் மங்காமல், கை நடுங்காமல், பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு வாழ்க! அன்று தங்களை யாரோ அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சினீர்கள். இன்று யாரும் அனுப்பாமல், வயது நிறைந்து, மாலையோடு படியிறங்குகிறீர்கள். வாருங்கள், வாசல் வரை நாங்களும் வருகிறோம்.

செண்பகா ஆப்செட் பணியாளர்கள்
எழுதியவர்: யுவராணி வீரணன்