நடுக்குளத்து அல்லி

இயற்கையான குளத்தில் அல்லி வளர்க்கலாமா என்று என்னைக் கேட்டால், யோசித்துச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். நாற்றுப் பண்ணைக்காரரும் அப்படித்தான் சொன்னார். "சேத்துல நேரா நட்டுடாதீங்கம்மா. தொட்டியில வச்சு இறக்குங்க. இல்லேன்னா குளம் முழுக்கப் பரவிடும். அப்புறம் தலைகீழா நின்னாலும் பிடுங்க முடியாது."

அதனால் இதைக் கவனக்குறைவு என்று எழுதிவிடாதீர்கள், சார். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

பெற்றவர்கள் போன பிறகு வீட்டில் நானும் தம்பியும்தான். அவனை வளர்த்து ஆளாக்கியது நான். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. தினமும் காலையில் பின்பக்கத்துக் குளத்தில் நீந்துவான். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அல்லி வைக்கலாமா என்று கேட்டபோது சிரித்தான். "தாராளமா வைக்கா. ஆனா ஓரத்துல வை. நடுவுல நான் நீந்தணும்ல."

பிறகு ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் ஊரோடு போய்விட்டான். வீடு வெறிச்சோடிவிட்டது. சாப்பிட இரண்டு தட்டு எடுப்பேன், ஒன்றைத் திரும்ப வைப்பேன். சொட்டுகிற குழாயைத் திட்டுவதுதான் நாளெல்லாம் என் பேச்சு. தனிமை இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

தண்ணீர் வற்றியிருந்த சமயம் பார்த்து நடுக்குளத்தில் இறங்கி, கிழங்குகளைச் சேற்றிலேயே நட்டேன். ஆத்திரத்தில் செய்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து ஆளுயரத்துக்கு மேல் நீர் ஏறியது. செடியும் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

மிச்சச் சாமான்களை எடுத்துப் போக வருவதாகத் தகவல் சொன்னான். அவன் கிளம்பிப் போவதை இன்னொரு முறை வாசலில் நின்று பார்க்க என்னால் முடியாது. சின்னப் படகில் போய், நடுவில் மிதந்த இலைகளை எல்லாம் அறுத்தெடுத்தேன். இலைகளை மட்டும்தான். தண்டுகள் கீழே தலைமுடி மாதிரி அடர்ந்து நின்றன. மேலே தண்ணீர் துடைத்துவிட்டது போல இருந்தது.

வந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனான். "நடுவுல ஒண்ணும் இல்லல்லக்கா?"

"நீயே பாரேன்," என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது "அக்கா" என்று கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். கையைத் துடைத்துக்கொண்டேன். ஜன்னலைச் சாத்தினேன்.

இத்தனை வருஷத்தில் அவன் கூப்பிட்டு நான் போகாமல் இருந்தது அந்த ஒரு முறைதான், சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.