நாள் தள்ளுது

காய்ச்சல்லாம் இல்லம்மா. வேணும்னா தொட்டுப் பாருங்க, கையி சில்லுன்னுதான் இருக்கும். வேர்வ மட்டுந்தான் இப்பிடிக் கொட்டும். அஞ்சு நிமிசம், அம்புட்டுத்தான், தானா அடங்கிரும். ஜன்னலோரத்த நீங்க விட்டுக் குடுத்தீகளே, அது பெரிய ஒபகாரம். வீரபாண்டி தாண்டிட்டா காத்து நல்லா வரும்.

எனக்குக் காமயகவுண்டன்பட்டி. கம்பத்துல எறங்கி டவுன் பஸ் ஏறணும். நீங்க கம்பமேவா? நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போயிரலாம். என்ன வயசு இருக்கும் ஒங்களுக்கு, நாப்பத்திரண்டா? அப்ப ஒங்களுக்கும் தெரிஞ்சிருக்க வேண்டிய விசயந்தான் இது. பயமுறுத்தலம்மா, சிரிக்காதீக. எனக்கு நாப்பத்தேழு. தீட்டு அடியோட நிக்கிறதுக்கு முந்தி ரெண்டு மூணு வருசம், சில பேருக்கு அதுக்கு மேலயும், ஒடம்பு இப்பிடி ஆட்டம் போடுமாம். நின்னுட்டாலும் சரி, நின்னுருச்சுன்னு இருக்கலாம். இது ரெண்டு மாசம் எட்டிப் பாக்காது, அப்பறம் ஒரே மாசத்துல ரெண்டு தடவ வரும். எங்க ஊரு டவுன் பஸ் மாதிரிதான்.

மொத மொத வந்தது தோட்டத்துல வச்சு. எங்களுக்கு ரெண்டு ஏக்கர் திராட்ச. குமுளியிலருந்து சசிதரன்னு ஒரு யாவாரி வருவாரு, மலையாளி, நல்ல மனுசந்தான், ஆனா பழக் கொலையக் கழிக்கிறதுல கெட்டிக்காரரு. அன்னைக்கும் பந்தலுக்குக் கீழ நின்னுக்கிட்டு இது சின்னது, அது பழுக்கலன்னு ஒவ்வொண்ணாத் தள்ளிக்கிட்டு இருந்தாரு. எப்பவும் நடக்குற கூத்துதான, நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். திடீர்னு அடிவயித்துலருந்து ஒரு சூடு கெளம்புச்சு பாருங்க. நெஞ்சு, கழுத்து, காது மடலு வரைக்கும் ஏறுது. மூஞ்சி மொளகாப் பழமாச் செவந்துருச்சு. வாயத் தொறந்தா மயங்கி விழுந்துருவமோன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு அவரையே மொறச்சுப் பாத்துக்கிட்டு நின்னேன். அவரு நான் கோவத்துல கொதிக்கிறேன்னு நெனச்சுட்டாரு. சேச்சி, தேஷ்யப்படண்டா, தேஷ்யப்படண்டான்னு சொல்லிக்கிட்டே, கழிச்சுப் போட்ட கொலையெல்லாம் அவரே குனிஞ்சு பொறுக்கிப் பெட்டியில அடுக்குனாரு. எங்க வீட்டுக்காரரு வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறாக. இத்தன வருசமா நான் பேசிப் பேசி ஆகாத காரியம், நீ பேசாம நின்னே ஆயிருச்சேன்னாக.

அது ஒண்ணுதாம்மா லாபம். மத்ததெல்லாம் நட்டம்.

வீட்டுல ஃபேன் சண்ட. மார்கழியில மேகமலக் குளிரு எறங்கி வருது, நான் ஃபேன அஞ்சுல வைக்கிறேன். அவுக பாவம் ஸ்வெட்டரு, கொரங்குக் குல்லா, கழுத்தச் சுத்தி ஒரு துண்டு. அதே கோலத்தோட காலையில டீக்கடைக்குப் போயிருக்காக. அங்கன வைகுண்டராஜ் அண்ணே, என்ன பிச்சைமணி, மூணாறு போறியான்னு கேட்டுருக்காரு. இல்லப்பா, வீட்டுக்குத்தான் திரும்பிப் போறேன்னாகளாம்.

நீங்க சிரிக்கிறீக. நானும் சொல்றப்ப சிரிக்கிறேன், நடக்குறப்ப அழுகத்தாம்மா வந்துச்சு. அழுகன்னதும் நெனப்பு வருது, உத்தமபாளையத்துல ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பொண்ணு கழுத்துல தாலி ஏறுது, எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கவே மாட்டேங்குது. பக்கத்துல இருந்த அம்மா முதுகத் தடவிக் குடுத்து, பொண்ணுக்கு நீங்க அத்தையா சின்னம்மாவான்னு விசாரிக்கிறாக. நிமிந்து பாத்தா பொண்ணையும் தெரியல, மாப்பிளையையும் தெரியல. மண்டபம் மாறிப் போயிட்டேன். எங்க கல்யாணம் அடுத்த தெருவுல நடந்துக்கிட்டு இருக்கு. இதுல மொய்க்கவர வேற நீட்டப் போனேன் பாத்துக்கங்க.

வைத்தியம் சொல்லாத ஆளு இல்ல. ஒருத்தி கத்தாழ ஜூஸு, ஒருத்தி வெந்தயம், ஒருத்தி உளுந்தங்களி. எல்லாத்தையும் தின்னேன், சட்டதான் பத்தாமப் போச்சு. நடுவுல ஒரு மாசம் ரத்தப்போக்கு ரொம்ப அதிகமாயிருச்சு. ஒரு சின்ன கிளினிக்குல போயிக் காட்டுனா, கர்ப்பப்பைய எடுத்துருங்க, பிரச்சன முடிஞ்சுச்சுன்னு காய்கறி வெட்டுற மாதிரி சொல்றாக. கூட வந்தது எங்க நாத்தனா பாண்டீஸ்வரி. வெளிய வந்து காப்பிய வாங்கிக் கையில குடுத்துட்டு, எடுத்துருங்க மதினி, அது இருந்து இனிமே என்ன செய்யப் போகுதுன்னா. நல்ல மனசோடதான் சொன்னா. அந்தக் காப்பிய நான் குடிக்கல. அப்பிடியே வச்சுட்டு வந்துட்டேன்.

கடைசியில வழி காட்டுனது யாருன்னு நெனைக்கிறீக? அதே சசிதரன். மூணாவது தடவையும் அவரு முன்னாடியே எனக்கு மூஞ்சி செவந்துருச்சு. மனுசன் இந்தத் தடவ கொலையப் பொறுக்கல. ஒரு நிமிசம் உத்துப் பாத்துட்டு, போன எடுத்து அவரு சம்சாரத்துக்குப் போட்டு, இந்தா பேசுங்கன்னு என் கையில குடுத்துட்டுத் தள்ளிப் போயி நின்னுக்கிட்டாரு. அந்தப் பொம்பள எடுத்த எடுப்புலயே, ராத்திரி ஒறக்கம் இல்லையா, மறதி இருக்கா, வெறுதே கரச்சில் வருதா, அதான் சும்மாவே அழுக வருதான்னு வரிசையாக் கேக்குறாக. பேயப் பாத்த மாதிரி ஆயிருச்சு எனக்கு. இதுக்கு மருந்து உண்டு சேச்சி, ஞானும் ரெண்டு வருஷமாயிட்டு கழிக்குன்னுண்டுன்னாக. கழிக்கிறதுன்னா அவுக பாஷையில சாப்பிடுறது, நீங்க வேற ஒண்ணும் நெனச்சுக்கிறாதீக. நல்ல பொம்பள டாக்டராப் பாருங்கன்னு அவுகதான் சொன்னாக.

அப்பிடி வந்து சேந்ததுதான் தேனியில இந்த டாக்டர் மகிமா. தங்கமான ஆளு. மொதல்ல முழுசாக் கேட்டாக. பிரஷர் பாத்தாக, ரத்தம் எடுத்தாக, ஸ்கேனு, மார்புக்குத் தனியா ஒரு படம். அக்கா தங்கச்சி அம்மாவுக்கு மார்புல கட்டி வந்துருக்கா, கால்ல ரத்தம் கட்டுன சீக்கு உண்டான்னு துருவித் துருவி விசாரிச்சாக. ஒண்ணும் இல்ல. கர்ப்பப்பையில கட்டியும் இல்ல, எடுக்க வேண்டிய அவசியமே இல்லன்னுட்டாக.

ஹார்மோன் மாத்திரைன்னதும் எனக்குப் பயம். கேன்சர் வருமாமேன்னேன். அவுக மழுப்பல. ரொம்ப வருசம் எடுத்தா கொஞ்சம் கூடும், அதுக்குத்தான் இம்புட்டு டெஸ்ட்டு, வருசா வருசம் பாத்துக்கிருவோம்னாக. அப்ப நின்ன பெறகு ஆரம்பிக்கலாமாம்மான்னேன். எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கிறாக, நின்ன பெறகுதான்னு சட்டம் ஒண்ணும் கெடையாது, தொந்தரவு இருக்கிறப்பவே ஆரம்பிக்கலாம், ரொம்ப வருசம் தள்ளிப்போட்டு அறுபதுக்கு மேல ஆரம்பிக்கிறதுதான் நல்லதில்லன்னாக. தெனம் ஒரு மாத்திர, மாசத்துல பன்னெண்டு பதினாலு நாளைக்குக் கூட இன்னொண்ணு. கட்டாயமும் இல்லம்மா, மாத்திரையே இல்லாம ஓட்டுறவுகளும் இருக்காக, எப்பங்கிறத நீங்க முடிவு பண்ணுங்கன்னு என் கையில குடுத்துட்டாக.

அதுதான் தப்பாப் போச்சு. என் கையில குடுத்துருக்கக் கூடாது.

மாத்திர வாங்கி எத்தன நாளாச்சா? ஆறு மாசம். ஆமாம்மா, ஆறு மாசம். அரிசி டப்பாவுக்குப் பின்னாடி பத்தரமா இருந்துச்சு. ஆடி முடியட்டும்னேன். ஆடி முடிஞ்சா தோட்டத்துல கொடியக் கவாத்து வெட்டணும், அது முடியட்டும்னேன். கவாத்து முடிஞ்சா பூ எடுக்குற நேரத்துல மழ வந்துருமோன்னு மனசு சரியில்ல, அதனால வேணாம்னேன். ஒரு நா காலண்டரப் பாத்துட்டு இன்னைக்குக் கரிநாள்னேன். மாத்திரைக்கு எதுக்குடி முகூர்த்தம்னு அவுக தலையில அடிச்சுக்கிட்டாக. அவுகளுக்கு என்ன, நான் மாத்திரையப் போட்டா அவுக குல்லாவக் கழட்டலாம்.

ஆனா போன மாசம் ஒண்ணு நடந்துச்சு, அது வெளையாட்டு இல்ல. சுருளிப்பட்டியிலருந்து சண்முகத்தாய்னு ஒரு அம்மா பன்னெண்டு வருசமா எங்க தோட்டத்துக்கு வேலைக்கு வருது. ஒரு கொலையக் கை தவறிக் கீழ போட்டுருச்சு. ஒரே ஒரு கொல. நான் பேசுன பேச்சு இருக்கே, எந்த வாயி அப்பிடிப் பேசுச்சுன்னு எனக்கே தெரியல. அத்தன பேருக்கு முன்னாடி. அது தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு நேராப் போயிருச்சு. மறுநாளும் வரல.

நான் போனேன் அது வீட்டுக்கு. வாசல்ல நின்னுக்கிட்டு, தப்புத்தான் சண்முகத்தாய்னேன். உள்ள வந்து ஒக்காருன்னுச்சு. தண்ணி குடுத்துச்சு. நீ இப்பிடி இல்லையே தாயி, ஒனக்கு ஒடம்பு சரியில்ல, போயி மருந்து வாங்குன்னுச்சு. மருந்து வாங்கி ஆறு மாசமா வீட்டுலதான் இருக்குன்னேன். அப்ப ஏன் திங்கலன்னு கேட்டுச்சு. தண்ணியக் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். மூணாம் நாளு அது வேலைக்கு வந்துருச்சு. என்னாலதான் அது மூஞ்சியப் பாக்க முடியல.

அதனாலதான் இன்னைக்கு மறுபடி தேனிக்கு வந்தேன். டாக்டரம்மா திரும்பவும் எல்லாம் பாத்தாக, பிரஷர் அப்பிடியேதான் இருக்கு, தாராளமா ஆரம்பிங்கன்னாக. ஏன் இத்தன நாளு போடலன்னு கேட்டாக. தோட்டத்துல வேலைன்னேன். புதுசா மாத்திர அட்ட வாங்கியாச்சு, இந்தா பையில இருக்கு.

சின்னமனூரு தாண்டியாச்சா? தாண்டியாச்சு. நல்லவேள.

என்ன கேட்டீக? பிள்ளைகளா? இல்லம்மா எங்களுக்கு. அட, அதுக்கு எதுக்கு மூஞ்சியச் சுருக்குறீக, தெரியாமத்தான கேட்டீக. கல்யாணமாகி இருபத்தஞ்சு வருசம். மதுரைக்கு நடையா நடந்தோம். ஊசி, மாத்திர, மறுபடி ஊசி. எனக்கு நாப்பது முடிஞ்ச அன்னைக்கு, போதும்டி, நீயும் நானும் இருக்கோம்லன்னு அவுக சொல்லிட்டாக. அதோட ஆஸ்பத்திரிய விட்டோம். ஆஸ்பத்திரியத்தான் விட்டோம்.

மொதத் தடவ நான் மாத்திர வாங்கிக் கெளம்புறப்ப, டாக்டரம்மா கதவு வரைக்கும் வந்தவளக் கூப்பிட்டு ஒண்ணு சொன்னாக. இது கர்ப்பத்தடை மாத்திர இல்ல, தெரிஞ்சுக்கங்க, முழுசா ஒரு வருசம் தீட்டு வராம இருந்தாத்தான் நின்னுருச்சுன்னு சொல்லுவோம், அதுவரைக்கும் கரு தங்குறதுக்கு வாய்ப்பிருக்கு, கவனமா இருந்துக்கங்கன்னாக. எல்லார்ட்டயும் சொல்றதுதான் போல. கவனமா இருக்கத்தான் சொன்னாக. என் காதுல விழுந்தது வாய்ப்பிருக்குங்கிற ஒரு வார்த்ததான்.

அப்பறம் எப்பிடிம்மா அந்த மாத்திரையத் தொடுவேன்? அதப் போட்டா மாசாமாசம் ஒழுங்கா வந்துருமாம், பெறகு நாள் எங்க தள்ளப் போகுது? சும்மா நாள் தள்ளுனாலே மனசுக்குள்ள ஒரு இது. கிறுகிறுப்பு, அசதி, காரணமில்லாம அழுக, எல்லாம் அதுக்கும் பொருந்துதுல்ல? போன மாசம் கணக்குப் பாத்தப்ப எழுவத்தி நாலு நாளு தள்ளிப் போயிருந்துச்சு. எங்க ஊருல வாங்குனா ஊரே பேசும்னு சின்னமனூருல வந்து எறங்கி, மருந்துக் கடையில அந்த டெஸ்ட்டு அட்டையக் கேட்டேன். கடையில ஒரு சின்னப் பொண்ணு. மகளுக்காம்மான்னு கேட்டுச்சு. ஆமான்னேன்.

பஸ் ஸ்டாண்டு கக்கூசுலயே போயிப் பாத்தேன், ஒரு கோடுதாம்மா வந்துச்சு. வெளிச்சத்துல வச்சு, சாச்சு வச்சு, கண்ணாடியப் போட்டு, கழட்டிட்டு, எல்லா விதத்துலயும் பாத்துட்டேன். ஒரு கோடுதான். வெளிய வந்து ரெண்டு வடையத் தின்னுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அதுக்கு மறுநாளுதான் சண்முகத்தாயக் கண்டபடி பேசுனது.

அவுகளுக்கு இது தெரியாது. டாக்டரம்மாகிட்டயும் சொல்லல. ஒங்க பேரு கூட எனக்குத் தெரியாது, அதனாலதான் சொல்ல வந்துச்சு போல. அழுகாதீகம்மா, நானே அழுகல. அனுமந்தன்பட்டி வந்துருச்சு பாருங்க, இன்னுங் கொஞ்ச தூரந்தான்.

இந்த மாத்திரைய வீட்டுக்குக் கொண்டு போனேன்னா திரும்ப அரிசி டப்பாதான். தண்ணி இருக்கா ஒங்ககிட்ட? ஒரு மடக்கு போதும்.